பன்னிரண்டு மாடிக்கு ஒரு பிடி உப்பு

காலை ஆறரைக்கு வேரகத்தின் பன்னிரண்டாம் மாடிக் கதவுகள் தாமாக மூடிக்கொண்டன. கால் மணி நேரத்தில் பதினொன்றாம் மாடி. அடுத்துப் பத்து. ஒன்பதாம் மாடியின் முறை வந்தபோது, கீழே அளவறையில் உட்கார்ந்திருந்த கட்டடக் காப்பாளர் மாரீஸ்வரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். ஒன்பதாம் மாடி ஏழாவது வீட்டில் அவள் கணவன் கருத்தபாண்டி காலில் மாவுக்கட்டோடு படுத்துக் கிடந்தான்.

வேரகம் கட்டிய கட்டடம் அல்ல, வளர்த்த கட்டடம். கரிசல் மண் மழைக்கு ஊதும், வெயிலுக்குப் பிளக்கும். அதன்மேல் கான்கிரீட் போட்டவர்கள் விரிசலுக்குச் சிமெண்ட் பூசியே ஆயுளைக் கழித்தார்கள். அதற்கு மாற்றாக வந்ததுதான் உயிர்மனை. வாழைமரத்தில் மரம் என்று ஒன்று கிடையாது, அத்தனையும் மட்டை. மட்டையின் ஒவ்வொரு செல்லும் தண்ணீரைக் குடித்துப் புடைத்துத் தன் சுவரை உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்த விறைப்பழுத்தத்தில்தான் வாழை ஒரு தாரையும் சுமந்துகொண்டு நிமிர்ந்து நிற்கிறது. அதே சூத்திரத்தைப் பெரிதாக்கி, பன்னிரண்டு தண்டுகளைச் சேர்த்து வளர்த்து, பன்னிரண்டு மாடியும் நூற்று நாற்பத்து நான்கு வீடும் ஆக்கியிருந்தார்கள். வேர்கள் அடித்தளத்து வேர்க்குளத்தில் கிடந்தன. வீடுகளில் குளித்த தண்ணீரும் கழுவிய தண்ணீரும் வடிகால் வழியாக அந்தக் குளத்துக்கே இறங்கும், தண்டுகள் அதை மறுபடி மேலே இழுத்துக்கொள்ளும்.

கதவுகளும் உயிருள்ளவை. இலையின் அடியில் காற்று வாங்கும் சின்னத் துளைகள் உண்டல்லவா, அதே மாதிரி இரண்டு உதடுகள். உதடுகளில் தண்ணீர் நிறைந்தால் வளைந்து திறக்கும். தண்ணீர் குறைந்தால் தளர்ந்து ஒட்டிக்கொள்ளும், ஈரம் வெளியே போகாமல் காக்கும். இதழ்க்கதவைக் கண்டுபிடித்தவர்கள் அதைத்தான் பெரிய சாமர்த்தியமாகச் சொன்னார்கள். கட்டடம் வாடும் நாளில் உள்ளே மனிதர்கள் இருப்பார்கள் என்பது அவர்கள் கணக்கில் இல்லை.

விறைப்புமானி நாற்பத்தொன்று காட்டியது. எழுபதில் நிற்க வேண்டியது. முப்பதுக்குக் கீழே போனால் தண்டு மடியும். இதில் மாரீஸ்வரிக்குப் புரியாதது ஒன்றுதான். வேர்க்குளம் நிரம்பி வழிந்தது. காலடியில் குளம் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு செடி ஏன் வாட வேண்டும்?

அவள் வீட்டுக்கு உள்பேசியில் கூப்பிட்டாள்.

"ஏங்க, கதவு எவ்வளவு தொறந்திருக்கு?"

"ஒரு கை போகும். என் கை இல்ல, ஒன் கை."

"மூச்சு முட்டுதா?"

"காத்து கொஞ்சம் கனமாத்தான் இருக்கு. கூரை தொங்குது மாரி. மழைத்தண்ணி தேங்குன தார்ப்பாய் மாதிரி தொங்குது."

அவன் சாதாரணமாகத்தான் பேசினான். அவன் அப்படிப் பேசுவதே பயத்தில்தான் என்று அவளுக்குத் தெரியும்.

"வடிகால்ல யாராச்சும் எதையாச்சும் ஊத்துனாகளா? ஆசிட்டு, மருந்து, எதுனாலும் சொல்லுங்க."



"ஒண்ணு சொன்னா ஏசமாட்டியே?"

"சொல்லுங்க."

"நான் உப்பு ஊத்துனேன்."

"உப்பா?"

"ஒனக்குத்தான். நீ வேலைக்கு எறங்குனதும் ஒன் படத்துக்கு ஒரு பிடி கல்லுப்பச் சுத்தி, தண்ணியில கரைச்சு வடிகால்ல விட்டுருவேன். குடிவந்த நாள்லருந்து செவ்வாய், வெள்ளி தப்புனதில்ல. போன மாசம் கட்டடத்துக்கு விருது குடுத்தாகல்ல, பேப்பர்ல ஒன் படம் வந்து, பஸ்ஸு பஸ்ஸா வந்து வேடிக்க பாத்தாக. ஊர்க்கண்ணு பூரா ஒம்மேல. அதுலருந்து தெனமும். காலு ஒடைஞ்ச பெறகும் நொண்டி நொண்டிப் போயி ஊத்துனேன்."

"நீங்க மட்டுமா?"

"நல்லா கேட்ட. எல்லா வீட்டுலயும்தான். அவுக கட்டடத்துக்கே சுத்துதாக. சௌந்தரம் டீச்சர் வீட்ல மூணு பிடியாம். முந்தாநாள் செவுரு லேசாத் தொங்க ஆரம்பிச்சதும் ஆளாளுக்கு அள்ளிப் போடுதாக."

மாரீஸ்வரி ஓடிப்போய் வேர்க்குளத்து மூடியைத் தூக்கி, விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். கரித்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டு வைத்தால் காலையில் துண்டு துவண்டு கிடக்கும், ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கும். அதேதான் இங்கும். வெளியே உப்பு கூடினால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே வந்துவிடும். கட்டடம் வாட வாட, கண் பட்டதென்று ஜனங்கள் உப்பைக் கூட்டினார்கள். உப்பு கூடக் கூட, கட்டடம் இன்னும் வாடியது.

அவள் ஒலிபெருக்கியை எடுத்தாள். இனி ஒரு பொட்டு உப்பும் வடிகாலில் விழக்கூடாது, வீட்டில் இருக்கிற உப்பையெல்லாம் ஜன்னல் வழியே வெளியே கொட்டுங்கள் என்றாள். உயிர் பயத்தில் இருந்தவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை. நூற்று நாற்பத்து நான்கு வீட்டிலிருந்தும் கல்லுப்பும் தூள் உப்பும் ஆலங்கட்டி போல வந்து விழுந்தன. போனில் ஆற்றுத் தண்ணீருக்குச் சொல்லிவிட்டு, வேர்க்குளத்தைத் திறந்து காலி செய்தாள். எட்டரை மணிக்கு அருளப்பன் என்கிற ஓட்டுநர் எட்டுத் தொட்டி கோத்த நீர்வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆற்றுத் தண்ணீர், தேங்காய்த் தண்ணீர் மாதிரி இருந்தது. கரடுமுரடான பாதையில் நாற்பது கிலோமீட்டரை முக்கால் மணியில் வந்திருந்தார் மனிதர். எட்டுத் தொட்டியையும் குளத்தில் இறக்கினார்கள்.

ஒன்பதரைக்கு மானி ஐம்பத்தைந்து காட்டியது. பிறகு அறுபத்திரண்டு. உதடுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. தொங்கிய கூரைகள் மேலே ஏறின. கட்டடம் முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது. கீழ்மாடிக்காரர்கள் நூறு பேர் போல இறங்கி வந்து ரோட்டில் நின்று கைதட்டினார்கள். மாரீஸ்வரியும் அவர்களோடு நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"எப்படி நிக்குது பாருங்க," என்றாள் எல்லாருக்கும் முன்னால்.

"எம்மாடி, இப்படி ஒண்ண நான் கண்ணால கண்டதில்ல," என்றார் அருளப்பன் வாயைப் பிளந்துகொண்டு.

அத்தோடு விட்டிருக்கலாம். மாடியில் இருப்பவர்களையும் இறங்கச் சொல்லியிருக்கலாம். அவளோ ஒலிபெருக்கியைப் பிடித்து, படியில் நெரிசல் வேண்டாம், பயமில்லை, யாரும் இறங்க வேண்டாம் என்றாள். பிறகு பத்து நிமிடம் பாடம் நடத்தினாள். செல் என்றால் என்ன, உப்பு என்ன செய்யும், கண்ணாவது பட்டாவது, படித்தவர்கள் செய்கிற வேலையா இது என்று ஆறு வருடமாக வாயில் வைத்திருந்ததை எல்லாம் கொட்டினாள். வென்றவர்களுக்கு நாக்கு நீளம்.

மானி எழுபதைத் தொட்டது. நிற்கவில்லை. எழுபத்து நான்கு. எழுபத்தொன்பது.

எண்பத்து மூன்று ஆனபோதுதான் அவளுக்கு உறைத்தது. நிலம் காய்ந்து கிடந்த பிறகு பெரிய மழை பெய்தால் செடியிலேயே தக்காளி வெடிப்பதை அவள் பார்த்திருக்கிறாள். இந்தக் கட்டடம் ஆறு வருடமாக உப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்தது. செவ்வாய்க்கு ஒரு பிடி, வெள்ளிக்கு ஒரு பிடி, வீட்டுக்கு வீடு. வெளியே இருக்கும் உப்பு தன் தண்ணீரைப் பறிக்காமல் இருக்க, ஒவ்வொரு செல்லும் தனக்குள் சர்க்கரையும் உப்பும் சேர்த்துச் சேர்த்து வைத்துக்கொண்டது. உப்பும் உப்பும் மல்லுக்கட்டி எழுபதில் நின்றிருந்தன. ஒரு மாத அட்டகாசம்தான் அதிகப்படி. அவள் அதை மட்டும் குறைக்காமல் மொத்தத்தையும் கழுவிவிட்டாள். இப்போது எதிரே உப்பே இல்லை. செல்கள் குடித்தன, குடித்துக்கொண்டே இருந்தன.

படிக்கட்டுச் சுவர்கள் இருபுறமும் புடைத்து ஒன்றை ஒன்று தொட்டன. வேர்க்குளத்து வாயைத் தடித்த வேர்கள் அடைத்துக்கொண்டன. மூடியைத் திறக்கவும் முடியவில்லை, தண்ணீரை வெளியேற்றவும் முடியவில்லை. குளத்துக்குப் போக மிச்சம் இருந்தது வீட்டு வடிகால்கள் மட்டும்தான்.

உள்பேசி அடித்தது.

"மாரி, செவுரு கிட்ட வருது."

"எவ்வளவு?"

"கட்டிலத் தள்ளிக்கிட்டே வந்து இந்தப் பக்கம் முட்டிருச்சு. மாவுக்கட்டு நெறியுது." கொஞ்சம் பொறுத்து, "நீ பாத்துக்கிடுவ. எனக்குத் தெரியும்," என்றான்.

அவன் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் அவளால் கொஞ்சம் தாங்கியிருக்க முடியும்.

அவள் ஒலிபெருக்கியில் கத்தினாள். எல்லாரும் உப்பைக் கரைத்து வடிகாலில் ஊற்றுங்கள், உடனே ஊற்றுங்கள். மாடிகளில் ஒருவரும் ஊற்றவில்லை. ரோட்டில் நின்றவர்களின் நடுவிலிருந்து குடியிருப்போர் சங்கத் தலைவி சௌந்தரம் டீச்சர் முன்னால் வந்தார்.

"காலைல உப்பு விஷம்னீங்க. மத்தியானம் மருந்துங்கீங்க. நான் முப்பது வருஷம் பாடம் நடத்துனவ. ஒரே நாள்ல ரெண்டு பாடம் நடத்துனதில்ல."

"டீச்சர், செல்லுக்குள்ள உப்பு சேந்துபோச்சு. வெளிய உப்பு இருந்தாத்தான் அது தண்ணி குடிக்கிறத நிறுத்தும்."

"இதத்தான காலைல தப்புன்னீங்க."

"அது அளவு கூடுனதுனால."

"அப்ப அளவு என்ன?"

மாரீஸ்வரிக்குத் தெரியவில்லை. யாருக்குமே தெரியாது. அந்த அளவைக் கண்டுபிடித்தது எந்த ஆய்வுக்கூடமும் இல்லை. நூற்று நாற்பத்து நான்கு கைப்பிடிகள் தெரியாமல் கண்டுபிடித்தது அது. உள்பேசியில் வேறு வீடுகள் ஓலமிட்டன. இன்னொரு தடவை உப்பை ஊற்றினால் நாங்கள் செத்தே போவோம், உங்கள் சோதனைக்கு நாங்களா கிடைத்தோம் என்றார்கள். மானி தொண்ணூறு. தொண்ணூற்றைந்தில் தண்டு நெடுக வெடிக்கும். ஏழாவது தண்டில் ஏற்கெனவே தோல் கீறிச் சாறு வடிந்துகொண்டிருந்தது.

விளக்கிச் சொல்ல ஒரு மணி நேரம் வேண்டும். அவளிடம் பத்து நிமிடம் இருந்தது.

"டீச்சர்," என்றாள் தாழ்ந்த குரலில். "கண்ணு பட்டுருச்சு."

டீச்சர் அவளையே பார்த்தார்.

"காலைல அத்தனை பேரும் அண்ணாந்து பாத்துக் கைதட்டுனோம். அதுக்குப் பெறகுதான் ஊத ஆரம்பிச்சுது. நீங்களே நெனச்சுப் பாருங்க."

இதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. டீச்சர் ஒலிபெருக்கியை அவள் கையிலிருந்து வாங்கினார்.

"எல்லாரும் கேளுங்க. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாக, பட்டுருச்சு. காப்பாளர் அம்மாவே ஒத்துக்கிட்டாக. உடனே சுத்தி வடிகால்ல விடுங்க. உப்பு இல்லன்னா உப்புப் போட்ட எதுனாலும் சரி."

அதற்குப் பிறகு நடந்ததை மாரீஸ்வரி உள்பேசிகளில் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜாடிகள் உருண்டன. ஊறுகாயைக் கழுவி ஊற்றினார்கள். மோர்மிளகாயை ஊறவைத்துப் பிழிந்தார்கள். கருவாட்டை அலசிய தண்ணீர், உப்புக்கண்டம் கழுவிய தண்ணீர், அப்பளத்தை நொறுக்கிக் கரைத்த தண்ணீர் எல்லாம் வடிகாலில் இறங்கின. ஆறாம் மாடியிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"டீச்சர், நார்த்தங்காயச் சுத்தணுமா, வெறுமனே கரைச்சு ஊத்துனாப் போதுமா?"

டீச்சர் மாரீஸ்வரியைப் பார்த்தார்.

"சுத்தித்தான் ஊத்தணும்," என்றாள் மாரீஸ்வரி.

மானி தொண்ணூற்று மூன்றில் ஊசலாடியது. தொண்ணூற்று இரண்டு. தொண்ணூறு.

"நம்ம வீட்ல ஊறுகாய்கூட இல்ல மாரி," என்றான் கருத்தபாண்டி. குரல் இழுத்துக்கொண்டு வந்தது. "நீ சொன்னன்னு ஜாடியோட தூக்கிப் போட்டுட்டேன். காப்பாளர் வீடு முன்னுதாரணமா இருக்கணும்ல."

"பரவால்ல. மேல்வீட்டுலயும் கீழ்வீட்டுலயும் ஊத்துதாக. செவுரு நின்னுருச்சா?"

"நின்ன மாதிரிதான் இருக்கு."

"இன்னும் ஒரு மணி நேரம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருங்க."

ஒரு மணி நேரமும் விடாமல் ஊற்ற வேண்டும். எழுபத்தைந்துக்கு இறங்கினால்தான் படிக்கட்டு வழி விடும். மானி எண்பத்தாறில் இருக்கும்போது ரோட்டில் கூச்சல் கேட்டது. அளவறை வாசலுக்கு ஒருவரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். நீர்வண்டி ஓட்டுநர் அருளப்பன். சட்டை கிழிந்து, உதட்டில் ரத்தம்.

கண் பட்டதென்றால், அது யாருடைய கண்ணோ ஒருவருடையதாக இருந்தாக வேண்டும் அல்லவா. மாரீஸ்வரி அதை யோசித்திருக்கவில்லை.

"இவந்தானம்மா," என்றார் டீச்சர். "கண்ணால கண்டதில்லன்னு வாயப் பொளந்தவன். நான் பக்கத்துலயே நின்னு கேட்டேன். ஒரு வார்த்த சொல்லுங்க, இவந்தான?"

"அம்மா, நான் தண்ணி கொண்டாந்தவன்," என்றார் அருளப்பன். "எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு. சொல்லுங்கம்மா."

பின்னால் நின்ற இளவட்டங்கள் கையில் கம்பு இருந்தது. கண் பட்டதே பொய் என்று சொன்னால் கருத்தபாண்டி சாவான், ஊற்றுகிற கை அந்த நிமிடமே நின்றுவிடும். ஆமாம் என்று சொன்னால் இந்த மனிதரை அடித்தே கொன்றுவிடுவார்கள். அவள் மானியைப் பார்த்தாள். எண்பத்தைந்து.

"அவர விடுங்க," என்றாள். "கண்ணு என்னுது."

டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"அவருக்கு முந்திச் சொன்னது யாரு? எப்படி நிக்குது பாருங்கன்னு நான்தான சொன்னேன். டீச்சர், நீங்க கேட்டீங்கல்ல. ஆறு வருஷமா தெனம் காலைல இத அண்ணாந்து பாத்துப் பெருமப்பட்டது நான். பேப்பர்ல இதோட நின்னு படம் எடுத்ததும் நான். என் கண்ணுதான்."

அருளப்பனைப் பிடித்திருந்த கைகள் தளர்ந்தன. அவர் நன்றி சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவரும் அவள் பார்வை படாத பக்கமாக நகர்ந்து போனதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. டீச்சர் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில், காப்பாளர் அம்மா பேரைச் சொல்லிச் சுற்றுங்கள் என்ற குரல் கேட்டது. அதற்குப் பிறகு மானி கடகடவென்று இறங்கியது.

ஒரு மணிக்குக் கருத்தபாண்டியை நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். உடைந்த கால் இன்னொரு இடத்திலும் உடைந்திருந்தது. உயிர் இருந்தது. அவளைத் தாண்டும்போது ஒருவர் வேட்டியை விரித்து நடுவில் பிடித்தார், அவள் கண் அவன்மேல் படாமல் இருக்க. வேட்டிக்கு அந்தப் பக்கமிருந்து அவன் கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. சங்கம் தீர்மானம் போட்டு அவர்களைக் காலி பண்ணச் சொல்லிவிட்டது. இருவரும் ஊருக்குள் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். விறைப்புமானி பார்க்க வேறு ஆள் கிடைக்காததால் வேலை மட்டும் மிஞ்சியது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து மானியைப் பார்க்கிறாள். வரும்போதும் போகும்போதும் தலையைக் குனிந்துகொண்டு நடக்க வேண்டும் என்பது நிபந்தனை. செவ்வாயும் வெள்ளியும் பொழுது சாய, நூற்று நாற்பத்து நான்கு வீட்டிலும் ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, கொள்ளிக்கண்ணு, மாரீஸ்வரி கண்ணு என்று சொல்லி ஒரு பிடி உப்பைச் சுற்றி வடிகாலில் விடுகிறார்கள். மானி எழுபதில் அசையாமல் நிற்கிறது.

"நெசத்தச் சொல்லிருவமா?" என்று கருத்தபாண்டி ஒருநாள் கேட்டான்.

"சொன்னா ரெண்டு மாசம் ஒழுங்காப் போடுவாக. அப்புறம் மறந்துருவாக," என்றாள். குப்பையைப் பிரித்துப் போடச் சொல்லி அவள் ஒட்டிய அறிவிப்புக்கு என்ன ஆனதென்று அவளுக்குத்தான் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை மானி எழுபத்து மூன்று காட்டியது. சனிக்கிழமை எழுபத்து நான்கு. அவளுக்குப் பகீரென்றது. மதியம் சௌந்தரம் டீச்சர் அறை வாசலில் வந்து நின்றார், இந்தத் தடவை முகத்தை மறைக்காமல்.

"ஒங்கள ரொம்ப வருத்திட்டோம்மா. மனசு கேக்கல. நாலஞ்சு வீட்ல இப்பவே சுத்துறத விட்டுட்டாக, பாவம் நல்ல பொம்பளன்னு சொல்லுதாக. நாளைக்குக் கூட்டம் போட்டு ஒங்க பேர எடுத்துரலாம்னு இருக்கோம். நீங்க பழையபடி குடி வரலாம்."

எட்டு மாதமாக அவள் ஏங்கிய வார்த்தை அது. அவள் தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து டீச்சரைத் தாண்டி ரோட்டுக்கு நடுவில் போய் நின்றாள். ஜன்னல்களில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குக் கறி வாங்கப் புறப்பட்டவர்கள் பார்த்தார்கள். மாரீஸ்வரி தலையை நிமிர்த்தி, அடியிலிருந்து பன்னிரண்டாம் மாடி வரைக்கும் கண் கொட்டாமல் மெல்ல மெல்லப் பார்த்துக்கொண்டே போனாள்.

"இன்னும் நூறு வருஷம் நிக்கும்போலயே," என்றாள் சத்தமாக.

டீச்சர் வாயில் கையை வைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். ஒன்றன்பின் ஒன்றாக ஜன்னல்கள் அடைபட்டன. யாரோ அவள்மேல் மண்ணை வாரி எறிந்தார்கள். அவள் அறைக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு மானியின் முன்னால் உட்கார்ந்தாள். சாயங்காலத்துக்குள் அது எழுபதுக்கு இறங்கிவிட்டது.